சுழல் அலமாரி

“முதல்ல அவ போடட்டும். அதுக்குக் கீழ நான் போடறேன்,” என்று ருஸ்தம் காகிதத்தைத் திருப்பித் தள்ளினார்.

நெர்மினுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தொல்பொருள் அலுவலகத்திலிருந்து இந்த மலைக்கு அவள் ஏறுவது இது ஐந்தாவது முறை. துருக்கியை உஸ்மானிய சுல்தான்கள் ஆண்ட காலத்து மாளிகை. ஆண்கள் கட்டின் கூரை ஏற்கெனவே தொங்குகிறது. உரிமையாளர்களான அண்ணன் ருஸ்தமும் தங்கை முஸெய்யனும் இன்றைக்குள் கையெழுத்துப் போட்டால் அரசாங்கம் பழுது பார்க்கும். இல்லையென்றால் இந்த வருஷத்துப் பனியே மாளிகையையும் கிழவரையும் சேர்த்து முடித்துவிடும்.

“தங்கச்சிகிட்ட நீங்களே ஒரு வார்த்தை கேக்கலாமே, ஐயா?”

“நாப்பத்தோரு வருஷமா பேச்சு கிடையாது. முகத்தைக்கூடப் பார்த்ததில்ல. அவளைப் பொண்ணு கேட்டு ஒரு கோவேறு கழுதைக்காரன் வந்தான். வழக்கப்படி மாப்பிள்ளைக்கு உப்புக் காபி கொடுத்தா. அவனும் முகம் சுளிக்காம குடிச்சான். மாளிகைப் பொண்ணு கழுதைக்காரன் வீட்டுக்கான்னு நான்தான் விரட்டிட்டேன். அன்னிக்குப் பெண்கள் கட்டுக்குள்ள போய்த் தாழ் போட்டவதான்.”

“அப்போ சாப்பாடு?”

நடுச்சுவரில் இருந்த மர அலமாரியைக் காட்டினார். அந்தக் காலத்தில் ஆண் விருந்தாளிகளின் கண்ணில் படாமல் பெண்கள் சாப்பாடு அனுப்புவதற்காகச் செய்த சுழல் அலமாரி. காகிதத்தை அதில் வைத்து மூன்று முறை தட்டினார். அலமாரி முனகிக்கொண்டே திரும்பியது. சற்று நேரம் கழித்து மறுபடி திரும்பியபோது முட்டைக்கோஸ் சூப்பும் சோள ரொட்டியும் இருந்தன. காகிதமும் இருந்தது. கையெழுத்து இல்லை.

“பாத்தியா வீம்பை? சூப்பை நீ குடி மகளே, மலை ஏறி வந்திருக்க.”

இருந்த பசியில் நெர்மின் மிச்சம் வைக்காமல் குடித்தாள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிப் போய்ப் பெண்கள் கட்டின் கதவைத் தட்டினாள். நாலு தடவையும் திறக்காத கதவு. இன்றைக்கு அவள் விடுவதாக இல்லை.

கடைசியில் திறந்தவள் ஊர்த்தலைவரின் மனைவி குல்சும். அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

“முஸெய்யன் அம்மா எங்க?”

குல்சும் அவளை உள்ளே இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள். “மண்ணுக்குள்ள. ரெண்டு வருஷம் ஆச்சு. ருஸ்தம் ஐயா கண் ஆபரேஷனுக்குத் திராப்சோன் நகரத்துக்குப் போயிருந்தப்போ போயிட்டாங்க. ‘தெரிஞ்சா அண்ணன் சாப்பிடாமலே செத்துடும், அலமாரி நிக்கக் கூடாது’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க. ஊரே வாயை மூடிக்கிச்சு. என் வீட்டுக்காரரும் சாவைப் பதியல.”

“பதிஞ்சிருந்தா அவர் ஒருத்தர் கையெழுத்தே போதும். வீடு பிழைச்சிருக்குமே.”

“வீடு பிழைக்கும். அவர்?”

நெர்மின் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். முற்றத்தைச் சுற்றி ஆண்கள் கட்டுக்குத் திரும்பினாள். மேலே பார்த்தாள். கூரையின் ஒரு மூலை வழியாக வானம் தெரிந்தது.

“முடியவே முடியாதுன்னுட்டாங்க, ஐயா.”

ருஸ்தம் தலையாட்டினார். ஏமாற்றம் எதுவும் தெரியவில்லை.

“சூப்புல உப்பு சரியா இருந்துதா?”

“இருந்துச்சு.”

“அந்தக் கழுதைக்காரனை விரட்டின நாள்லேர்ந்து அவ என் சாப்பாட்டுல ஒரு கல் உப்பு போட்டதில்ல. ஆபரேஷன் முடிஞ்சு வந்த அன்னிக்கு சூப்புல உப்பு இருந்துது. மன்னிச்சுட்டான்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா அவ மன்னிக்கிற ஆள் இல்ல.”

காலிக் கிண்ணத்தை அலமாரியில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கூரை விழறப்போ விழட்டும். எனக்குத் தெரியும்னு குல்சும்கிட்ட மட்டும் சொல்லிடாதே மகளே, அப்புறம் இதைத் திருப்ப அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க.”