பதினேழு போதும்

"புது ஆபீசுல பதினேழு கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் போட்டா போதும்" என்றார் முதலாளி.

வரைபடத்தோடு நின்ற இன்ஜினீயருக்குப் பகீரென்றது. இந்த ஆபீசில் அவர் எண்ணியது பதினெட்டு. அப்படியானால் யாரோ ஒருவருக்கு வேலை போகப் போகிறது.

முதலாளி அறையை விட்டு வெளியே வந்ததும் ரிசப்ஷன் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, என் மேஜைக்கும் வயர் வருதா? கிழவின்னு கழட்டி விட்டுட மாட்டாங்களே?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்தாள்.

இன்ஜினீயருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பவும் உள்ளே போனார்.

"சார், பதினெட்டாவது வயரை நான் சும்மாவே இழுத்துத் தர்றேன். பாவம், யாரையும் அனுப்பிடாதீங்க."

"வெளியில எத்தனை பேர் இருக்காங்க, எண்ணுங்க தம்பி."

கண்ணாடிக் கதவு வழியே எண்ணினார். பதினேழு பேர். பதினெட்டாவது கம்ப்யூட்டர் முதலாளியின் மேஜையில் இருந்தது.

"கம்பெனியை வித்துட்டேன். வாங்கினவர் தன் ஊர்லேர்ந்தே பார்த்துக்குவார். ஒருத்தரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டேன். எனக்குத்தான் அங்கே இடமில்லை."

இன்ஜினீயர் வரைபடத்தைச் சுருட்டினார்.

"முதல்ல போய் அந்த ரிசப்ஷன் அம்மாகிட்ட வயர் வருதுன்னு சொல்லுங்க தம்பி. காலையிலேர்ந்து அவங்க சாப்பிடவே இல்லை."