பன்னிரண்டே முக்கால் போர்டு

"பதினோரு வருஷம் அந்தக்கா கடையில வேலை பார்த்துட்டு, இப்ப எதிர்லயே கடை போட்டிருக்கான் பாருங்க. இவனெல்லாம் நல்லா இருப்பானா?"

ஜெராக்ஸ் கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னார். பார்பிக்யூ கடை மாஸ்டர் காதிலும் விழுந்தது.

மாஸ்டர் வேண்டுமென்று எதிரில் வரவில்லை. ஆபீஸ்கள் நெருக்கியடிக்கும் அந்தத் தெருவில் ஆறு மாதத்துக்குள் ஜூஸ் கடை, சாண்ட்விச் கடை, நூடுல்ஸ் கடை என்று வரிசையாக முளைத்துவிட்டன. புகைபோக்கி வைத்த இடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அது அக்காவின் சாப்பாட்டுக் கடைக்கு நேர் எதிரே இருந்தால் அவர் என்ன செய்வார்? சொன்னால் யார் நம்புகிறார்கள்!

வேலையை விடுகிறேன் என்று சொன்ன அன்று அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"போறவன் போ. கரண்டியை வச்சிட்டுப் போ."

அதோடு பேச்சு முறிந்தது.

கடை திறந்த முதல் வாரம் மாஸ்டர் ஈ ஓட்டினார். உண்மையில் புகைக்குப் பயந்து ஈயும் வரவில்லை, ஓட்ட அதுகூட இல்லை. தணலில் கோழி பதமாக வெந்து நிற்கும், தின்ன ஆளிருக்காது. எதிரே அக்கா கடையில் டோக்கன் வாங்க வரிசை நிற்கும்.

"இருந்த வேலையையும் விட்டாச்சு. இந்த மாசம் பூரா இப்படியே போனா கடையை மூட வேண்டியதுதானா?" என்று மனைவி கேட்டாள்.

எட்டாவது நாள் பன்னிரண்டே முக்காலுக்கு நாலு பேர் உள்ளே வந்தார்கள். பின்னாலேயே ஆறு பேர்.

"அக்கா கடையில சாப்பாடு தீர்ந்துபோச்சாம், போர்டு மாட்டிட்டாங்க" என்றார் முன்னால் வந்த பாங்க் கேஷியர். "இங்க என்னங்க இருக்கு?"

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். பன்னிரண்டே முக்கால் ஆனால் எதிரே போர்டு தொங்கும், கூட்டம் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். ஒரு தடவை ருசி பார்த்தவர்களில் சிலர் அடுத்த நாள் நேராகவே இங்கு வர ஆரம்பித்தார்கள்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தியா? பெரிய பாத்திரத்துல அடி தெரிஞ்சாத்தான் போர்டு மாட்டணும், அது அக்கா கடைச் சட்டம். நான் இருந்தப்ப ரெண்டு மணிக்கு முன்னாடி மாட்டினதே இல்ல. இப்ப பாதி கூட சமைக்க ஆளில்லாமத் திண்டாடுறாங்க!"

"பாவங்க அக்கா" என்றாள் மனைவி.

"என்ன பாவம்? அன்னைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கல்ல, அனுபவிக்கட்டும்."

வாய்தான் சொன்னது. ராத்திரி படுத்தால் மனசு குறுகுறுத்தது. பதினோரு வருஷம் என்றால் சும்மாவா? மூன்றாவது வாரம் ஒரு முடிவுக்கு வந்தார்.

"நாம ஜெயிச்சாச்சு, இனிமே என்ன வீம்பு? காலையில ஒரு மணி நேரம் நானே போய் சமைச்சுக் கொடுத்துட்டு வர்றேன்னு சொல்லப் போறேன்."

தன் பெருந்தன்மையை நினைக்க அவருக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு எதிரே போர்டு ஏறியதும், "அஞ்சு நிமிஷம் அடுப்பைப் பார்த்துக்கோ" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி அக்கா கடையின் பின்கதவு வழியாக உள்ளே போனார்.

சமையற்கட்டில் அக்கா இல்லை. பாத்திரம் கழுவும் அம்மா மட்டும் காலி டப்பாக்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

பழகிய கை சும்மா இருக்குமா? மாஸ்டர் பெரிய பாத்திரத்தின் மூடியைத் தூக்கினார். ஆவி முகத்தில் அடித்தது. சோறு பாதிக்கு மேல் இருந்தது. பக்கத்துப் பாத்திரத்தைத் திறந்தார். அதிலும் அப்படியே.

"என்னம்மா இது? தீர்ந்துபோச்சுன்னு போர்டு தொங்குது?"

"தினம் இந்தக் கூத்துதான் மாஸ்டர்" என்றார் அந்த அம்மா. "பன்னிரண்டே முக்காலானா போர்டை மாட்டு, மிச்சத்தை டப்பாவுல போட்டு, பின்தெருவுல கட்டடம் கட்டுறவங்களுக்குக் கொடுத்தனுப்பு. கம்மியா சமைக்கலாமேன்னு கேட்டா என் மேலயே பாயறாங்க. 'கொஞ்ச நாளைக்குத்தான்டி, அதுக்காக அளவை மாத்தாதே'ன்னு."

மாஸ்டர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றார். வாசல் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"எல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. எதிர்க் கடைக்குப் போங்க. நெருப்புகிட்ட அவனை மாதிரி நிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல. நம்பிப் போங்க."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சாக்குச் சொல்லலாம் என்றால் இங்கே ஏது புகை? சொல்ல வந்த பெருந்தன்மையை நினைக்கவே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோஷமாகவும் இருந்தது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்த அக்கா அவரைப் பார்த்ததும் நின்றார்.

"அக்கா..."

"என்னடா அக்கா? பன்னிரண்டு பேரை இப்பத்தான் உன் கடைக்கு அனுப்பிட்டு வர்றேன், நீ இங்க வந்து என் பாத்திரத்தைத் திறந்து பார்த்துட்டு நிக்கிறியா? ஓடுடா, கோழி கருகிடப் போகுது!"