பலகைக்குள் சிப்பி

மட்டாஞ்சேரிக் காயலோரத்தில் ரஃபீனாவின் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறார்கள். காலையில்தான் கடலிலிருந்து வந்தது. நீலப் பெயிண்டில் வெயில் வழுக்குகிறது. அடிப்பலகையில் ஊசியால் குத்தியதுபோல் நாலைந்து துளைகள், அவ்வளவுதான். "பெயிண்ட் அடிச்சா அடைஞ்சிடும் சேட்டா. நாளைக்கும் போகணும்" என்கிறாள் ரஃபீனா. பிரஷ் கையிலேயே இருக்கிறது. தச்சர் ஆறுச்சாமி சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போகிறார். கணீர், கணீர், ஓரிடத்தில் மட்டும் பொத்தென்று ஒரு சத்தம். அங்கே உளியை வைத்து ஒரு தட்டு. மேல்தோல் பெயர்ந்து வருகிறது. உள்ளே மரமே இல்லை. சுண்டுவிரல் பருமனில் நெருக்கநெருக்கமாகச் சுரங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைச் சுவர். பக்கத்தில் வந்ததும் ஒன்றுக்கொன்று வளைந்து வழிவிட்டிருக்கின்றன; ஒன்றுகூட இன்னொன்றை முட்டி உடைக்கவில்லை. அந்த இருட்டில், கண்ணே இல்லாத ஓர் உயிர் குடைந்தவை. ஒன்றிலிருந்து வழுவழுவென்று நீண்ட உடலை அவர் மெதுவாக உருவுகிறார். "கப்பல் புழு. பேருதான் புழு, இனம் சிப்பியாக்கும். குஞ்சா இருக்கும்போது அந்த ஊசித் துளை வழியா நுழைஞ்சு உள்ளேயே வளந்திரும். தலையப் பாரு மோளே." தலையில் உளுத்தம்பருப்பு அளவில் இரண்டு ஓடுகள், அரம்போல் வரிவரியாக. ரஃபீனா குனிந்து பார்க்கிறாள். "படச்சவனே, இத்தனையும் இதுவா?" பெயர்ந்த சில்லை ஆறுச்சாமி அவள் உள்ளங்கையில் வைக்கிறார். அப்பளத்தின் கனம்தான். காலையில் அவள் கணவனும் இன்னும் மூன்று பேரும் கரைசேர்ந்தது இதை நம்பித்தான். "இந்த ஒரு தோல மட்டும்தான் அது தின்னாம விட்டுவெச்சிருக்கு" என்கிறார் அவர்.