ஏழாவது நிமிடம்

ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்த நாளிலிருந்து லேப்டாப் தோசைக்கல்லாகக் கொதித்து, ஏழாவது நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. குலசேகரனுக்கு வேலை போய் எட்டு மாதம். பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். இந்த வருஷம் வந்த ஒரே அழைப்பு. பழைய சிஸ்டத்துக்கே திரும்பியும் பார்த்துவிட்டான். சூடு தணியவில்லை. அலுத்துப்போய் லேப்டாப்பைக் கவிழ்த்தான்.

அடியில், விசிறிக்குக் காற்றுப் போகும் துளைகளில் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நடுவில் குங்குமம். போன வாரம் ஆயுத பூஜையன்று மனைவி தமயந்தி வைத்தது. அவன் புதுப்பித்ததும் அன்றைக்குத்தான். மேலே வைத்தால் திட்டுவான் என்று, அவனுக்கு வேலை கிடைக்க வேண்டிக்கொண்டு, அடியில் அப்பியிருக்கிறாள்.

ஊக்கால் சுரண்டி எடுத்து, நிமிர்த்தி வைத்து, லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தான். விசிறி முனகியபடி சுற்றத் தொடங்கியது.

"என்னங்க, கண்டுபிடிச்சீங்களா?" கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள் தமயந்தி.

"ம்... அந்தப் பாழாப்போன அப்டேட்தான்."

"நல்லா இருந்ததை நோண்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்ல? கேட்டாத்தானே! சரி, தள்ளுங்க. பேசறதுக்கு முன்னால ஒரு பொட்டு வெச்சிடறேன்."

சந்தனம் தோய்ந்த விரல் லேப்டாப்பை நோக்கி நீண்டது. திரையில் அழைப்பு ஒலித்தது.

குலசேகரன் அவசரமாகக் குறுக்கே குனிந்து, தன் நெற்றியைக் கொடுத்தான்.