சாயாத முக்கோணம்

நான்காம் வகுப்பு மேசைமேல் ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் இருந்தன. இரண்டும் எஸ்தர் டீச்சர் ஈர்க்குச்சிகளை வெட்டி, மூலைக்கு மூலை சைக்கிள் வால்வு டியூபைக் கோத்துச் செய்தவை.

பிள்ளைகள் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் சதுரத்துக்கு உதறல் எடுத்தது.

“நம்மை என்ன செய்யப் போகிறார்கள், அக்கா?”

“அழுத்திப் பார்ப்பார்கள். எனக்கென்ன பயம்? நான் சாயவே மாட்டேன்” என்றது முக்கோணம்.

முதலில் வந்தவள் கதீஜா. அவள் விரல் பட்டதுமே சதுரத்தின் செங்கோணங்கள் கலைந்தன. இரண்டு மூலைகள் குறுகின, இரண்டு விரிந்தன.

“டீச்சர், இது சாஞ்சிடுச்சு!”

வகுப்பே சிரித்தது. டீச்சர் நிமிர்த்தி வைத்தார். அடுத்த பிள்ளை மறுபக்கம் சாய்த்தது. ஒவ்வொரு விரலுக்கும் சதுரம் செத்துப் பிழைத்தது. அக்காவைப் போல இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது.

முக்கோணத்திடம் யாருடைய ஜம்பமும் பலிக்கவில்லை. “இதச் சாய்க்காம விடமாட்டேன்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் அமுக்கினான் பொன்வண்ணன்.

படக்கென்று ஒரு குச்சி ஒடிந்தது. அதன்பின் அக்கா பேசவில்லை.

“பரவாயில்லடா, இப்பவே இன்னொண்ணு செஞ்சிடலாம்” என்ற டீச்சர் சதுரத்தை எடுத்தார். அதிலிருந்து ஒரு குச்சியை உருவிவிட்டு, மிச்ச முனைகளைச் சேர்த்துக் கோத்தார்.

சதுரம் தன்னைப் பார்த்துக்கொண்டது. மூன்றே பக்கங்கள். பதறிப்போய்ச் சாய்ந்து பார்த்தது. ஒரு மூலைகூட இளகவில்லை.

கைகளைத் தேய்த்துக்கொண்டு அடுத்த பிள்ளை வந்தது.