பழுப்புப் பஞ்சு

"உங்க பஞ்சுதான் மச்சான் என் மீனையெல்லாம் சாகடிச்சுது."

மனைவியின் அண்ணன் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார் மாப்பிள்ளை. பின்னாலேயே மனைவியும் வந்து நின்றாள்.

மீன் தொட்டிக்குச் சொந்தமாக ஃபில்டர் செய்கிறேன், உள்ளே என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, மச்சான் கொடுத்தது பழுப்பேறி வழவழத்த ஒரு பழைய பஞ்சு. புதிதாக ஒன்று வாங்கித்தர மனசு வராத மனுஷன்.

"புதுசு வெச்சா மீன் தாங்காது மாப்ள. மீன் கழிவோட விஷத்தை முறிக்கிற நல்ல கிருமி அந்த அழுக்குலதான் குடியிருக்கு. வளர மாசக்கணக்காகும். அதான் என் தொட்டியில ஓடினதையே பாதி அறுத்துக் கொடுத்தேன்."

மாப்பிள்ளையின் தலை தானாகத் தாழ்ந்தது.

"வழியில காஞ்சு அந்தக் கிருமி செத்திருக்கும். ஈரத்துணியில சுத்தித் தராதது என் தப்புதான்" என்ற மச்சான், தன் ஃபில்டரைத் திறந்து மீதிப் பாதியையும் எடுத்தார். "இந்தாங்க."

"அப்ப உங்க மீனு?"

"சமாளிச்சுக்கலாம். பிடிங்க."

மாப்பிள்ளைக்குக் கை எழும்பவில்லை. மனைவிதான் குறுக்கே வந்தாள்.

"என்கிட்ட கொடுங்கண்ணே. அவர்கிட்ட கொடுத்தா இதையும் பிளீச்சிங் பவுடர் போட்டு வெள்ளைவெளேர்னு துவைச்சுடுவார்."