வேலி ஓரம் நிக்காதீங்க!

"மறுபடியும் வந்து நிக்கிறீங்களா? அந்த ரூம்ல போய் உட்காருங்கம்மா!"

குதிரைப் பயிற்சி கொடுப்பவள் மைதானத்தின் நடுவிலிருந்து கத்தினாள். வேலி ஓரம் நின்ற அம்மாவுக்குச் சுருக்கென்றது.

குதிரை மேல் அவள் பையன். பேச்சு வராத பிள்ளை. வீட்டில் ராத்திரி பகல் ஒரு நிமிஷம் ஓரிடத்தில் இருக்காதவன், இங்கே பிடரி மயிரைத் தடவிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தான். அதைக் கண்ணால் பார்க்கப் பெற்றவளுக்குக் கொடுப்பினை இல்லை!

"ஓரமாத்தானே நிக்கிறேன்? என் பையனை நான் பார்க்கக் கூடாதா?"

"அவனை நாங்க பார்த்துக்கறோம். போங்க."

வாரா வாரம் இதே துரத்தல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ரூமுக்குப் போனாள். ஒரு நீள சோபா, தலைக்கு மேல் ஒரு ஃபேன். மைதானத்தைப் பார்க்க ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.

கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள். வேலி ஓரம் இன்னொரு பையனின் அம்மா, ஹாயாகச் சாய்ந்தபடி செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவ்வளவுதான். விறுவிறுவென்று திரும்பி வந்தாள்.

"அவங்களுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? ஸ்கூல்ல விரட்டினாங்க. சொந்தக்காரங்க வீட்ல விரட்டினாங்க. நீங்களுமா? நான் என்ன பாவம் பண்ணேன்?"

குதிரை மிரண்டு காதை விடைத்தது. பயிற்சி கொடுப்பவள் கயிற்றை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வேகமாக வேலிக்கு வந்தாள். குரலில் அதே கடுப்பு.

"அவங்க வீட்ல ராத்திரி மாத்தி மாத்தி முழிச்சிருக்க ஆள் இருக்கு. உங்களுக்கு யாரும்மா இருக்கா?"

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த முதல் நாளே இந்தக் கம்பியைப் பிடிச்சபடி நின்னுக்கிட்டே தூங்கினீங்க. நான் ஓடி வந்து தாங்கலைன்னா மண்டை உடைஞ்சிருக்கும். உங்க பையனைப் பிடிச்சுக்க ரெண்டு பக்கமும் ஆள் நடக்குது. அவன் விழ மாட்டான், நீங்கதான் விழுவீங்க. போங்க... போய் ஒரு மணி நேரமாவது தூங்குங்க!"